நிலைக் கட்டணம்

கம்பியை அறுத்த அன்று
பூபாலன் கேக் வாங்கி வந்தான்.
மீட்டர் பெட்டிமேல் வைத்து வெட்டினோம்.
இனி மாநகராட்சிக்கு ஒரு சென்ட் கிடையாது என்றான்,
மீசையில் கிரீமோடு.

அடுத்த மாதமும் பில் வந்தது.
யூனிட் பூஜ்யம்.
நிலைக் கட்டணம் மட்டும் கொட்டை எழுத்தில்.
எங்கள் வாசல்வரை கம்பி வந்து நிற்கிறதாம்,
நிற்பதற்குக் கூலி.

சாட்ஸ்வொர்த் அலுவலகத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் மிஸ் படையாச்சி.
பெயர் தமிழ், பேச்சு படிவம்.
கூரைமேல் என்ன இருக்கிறது?
ஹடேடாப் பறவைகள் என்றேன்.
சிரிக்காமல் அடுத்த தாளைப் புரட்டினாள்.
பேனல் எத்தனை, பேட்டரி எங்கே,
பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்து எங்கே,
கூரை இந்தப் பாரத்தைத் தாங்கும் என்று யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை அம்மா,
அதுபாட்டுக்குத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பொறியாளர் ஃபான் வைக் வந்தார்.
அரை மணி நேரம் ஏணியில் நின்றார்,
இரண்டு பேனலின் விலை கேட்டார்.
அவர் பேனாவுக்கும் வெயிலில்தான் சார்ஜ் ஏறுமோ என்னவோ,
கையெழுத்து இன்னும் வரவில்லை.

காப்பீட்டுக்காரர்கள் ரொம்ப மரியாதை.
வீடு தீப்பிடித்தால்
பதிவுச் சான்றின் அசலை இணைத்து
தெரியப்படுத்தவும், தங்கள் உண்மையுள்ள.

இதெல்லாம் தாளில் வந்தவை.
தாளில் வராதவை குரங்குகள்.
உம்லட்டுசானா பள்ளத்திலிருந்து குடும்பத்தோடு ஏறிவந்து
கருப்பு வயரை மென்று பார்த்துவிட்டு
எதற்கும் இருக்கட்டும் என்று சிவப்பையும் மெல்லும்.
இஸ்திரிப் பெட்டி ஞாயிறு நண்பகலில் மட்டும்.
கீசருக்கு மேகம் ஆகாது.
ஜூலையில் நாலு மணிக்கே பூபாலன்
பேட்டரித் திரையில் சதவீதம் படிப்பான்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் குனிந்து.
என்னை அவன் அப்படி உற்றுப் பார்த்து
வருஷமாகிறது.

புரட்டாசி மூன்றாம் சனி,
நாற்பது பேருக்கு வடை.
கிரைண்டர் இரண்டு சுற்றுச் சுற்றி முனகி நின்றது.
இன்வெர்ட்டர் சிவப்பாய் விழித்தது.
பாதி அரைந்த உளுந்தை வாளியில் தூக்கிக்கொண்டு
தங்கை வீட்டுக்கு ஓடினான்,
ஊர் கரண்டில் அரைத்து வர.
சாப்பிட உட்கார்ந்தபோது
வடை வேண்டாம் என்றான்,
விரதமாம்.

லோட் ஷெடிங் இரவுகளில்
தெருவெல்லாம் இருட்டு, எங்கள் ஜன்னல் மட்டும் மஞ்சள்.
திருடனுக்கு விலாசம் எழுதி ஒட்டியதுபோல.
அப்படியொரு சனிக்கிழமை
பக்கத்து வீட்டு நொகுதுலா ஸோண்டி
மதிலுக்கு மேல் தலை நீட்டினாள்.
சீஃப்ஸ் ஆடுகிறார்கள், ஒரே ஒரு டிவிக்கு.
ஆரஞ்சு வயரை எறிந்தேன்.
இரண்டாம் பாதியில் கோல் விழுந்தபோது
எங்கள் பாத்திரங்கள் அதிர்ந்தன.

பத்து நாளில் கடிதம் வந்தது, புகைப்படத்தோடு.
அனுமதியின்றி மூன்றாம் நபருக்கு மின்சாரம் வழங்கியது.
படத்தில் வயர் நன்றாக விழுந்திருந்தது.
பின்னால் கொடியில் என் நைட்டிகளும்.
அபராதத்தைக் கட்டிவிட்டு
பூபாலன் மூன்று நாள் மதில் பக்கம் போகவில்லை.

பிறகு அந்த ஏப்ரல் மழை.
ஆறாம் நாள் பேட்டரி பதினொன்று.
ஃப்ரீசரில் ஷாட் மீன்கள்
ஒன்றையொன்று விட்டு விலகத் தொடங்கின.
அவன் குறட்டை சீரானதும்
குடையைப் பிடித்துக்கொண்டு போய்
அதே ஆரஞ்சு வயரின் மறுமுனையை
மதிலுக்கு மேல் எறிந்தேன்.
அந்தப் பக்கம் ஒரு கை பிடித்துக்கொண்டது.
ஒரு கேள்வி வரவில்லை.
ஃப்ரீசர் மெல்ல உறுமியது.

இதற்கு என்ன பிரிவு, என்ன அபராதம்
என்று மிஸ் படையாச்சியைத்தான் கேட்க வேண்டும்.
கேட்க மாட்டேன்.

காலையில் திரையின் முன் நின்று கூப்பிட்டான்:
இங்கே வா, ராத்திரி முழுக்க
ஒரே ஒரு சதவீதம்தான் இறங்கியிருக்கிறது.
நல்ல ஜாதிப் பேட்டரி.

ஆமாம் என்றேன்.
ஸோண்டி வீட்டுக்கு
மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்,
பெரிய கிண்ணத்தில்.